பூஜை அலமாரிக்குப் போன நாவல்

போன சனிக்கிழமை காலை, என் சொந்தப் புத்தகத்தைத் தொடப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஓய், கையை எடும்" என்றார் வீரராகவன்.

வீரராகவன் சர்க்கார் கச்சேரியில் ஹெட் கிளார்க். மேல்கோட்டைக்காரர், பழுத்த வைஷ்ணவர். நான் பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். மைசூரில் பத்து வருஷமாகச் சாயங்காலம் ஒன்றாக நடந்து, ஒன்றாகச் சண்டை போடுகிறோம். அவர் வீட்டுப் பூஜை அலமாரியில், ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால், பட்டுத்துணி சுற்றி என் நாவல் உட்கார்ந்திருக்கிறது!

எந்த நாவல்? நம் எல்லோருக்கும் தெரிந்த பழைய நாவல்தான். பெயரைச் சொன்னால் இன்னும் நாலு வீட்டில் அலமாரி ஏறிவிடும்... வேண்டாம்.

தப்பு என்னுடையது. அவர் மனைவி ஜானகியம்மாள் கதைப் பிரியர். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதற்காக அந்த நாவலைக் கொடுத்திருந்தேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஆற்றில் வெள்ளம். கொட்டும் மழையில் இக்கரையில் கதாநாயகி, அக்கரையில் காதலன். படகோட்டி படகை அவிழ்க்க மாட்டேன் என்கிறான். சரியாக அந்த இடத்தில் வீரராகவன் உள்ளே நுழைந்துவிட்டார்.

காதல் கதையா? அன்று சாயங்காலம் நான் போனதும் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கி என்னிடம் நீட்டினார். கதவோரம் ஜானகியம்மாள் நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு விளக்கத்தை அவிழ்த்துவிட்டேன்.

காதல் என்று யார் சொன்னது? கதாநாயகி ஜீவாத்மா. அக்கரையில் நிற்பவன் பரமாத்மா. வெள்ளம் சம்சாரம். படகோட்டிதான் ஆசாரியன். (உண்மையில் அந்தப் படகோட்டியைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் நல்ல மேய்ப்பர்தான். அதை அன்று சொல்லவில்லை.)

அந்த அத்தியாயத்தை ஒரு கண் புரட்டிப் பார்த்து, "அப்போ இந்தப் படகோட்டி குடையை ஏன் மறந்து வெச்சுட்டு வரான்?" என்று மடக்கினார்.

"அதுவா... அகங்காரத்தை விட்டுட்டு வரான்" என்றேன், கூசாமல்.

மனிதர் நீட்டிய புத்தகத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டார். தான் முதலில் படித்துவிட்டு மனைவிக்குத் தருவதாகச் சொன்னார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனேன். படித்தார். எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்தது. கதாநாயகி மூன்று தரம் தும்முவது தத்துவம் மூன்று என்பதற்காம்!

நவராத்திரி வந்தது. மற்ற கிரந்தங்களோடு நாவலும் பூஜைக்கு ஏறியது. விஜயதசமியன்று எல்லாம் இறங்கின, நாவல் இறங்கவில்லை. இப்போது சனிக்கிழமை தோறும் குளித்து மடியாக உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசித்து உபந்நியாசம் செய்கிறார். ஒரு வாக்கியத்துக்கு அரை மணி.

மடியாக இருந்தால் ஜானகியம்மாளும் தொடலாமாம். மடியாக இருக்கும் நேரமெல்லாம் அவர் தளிகையில் இருக்கிறார். சமைத்து, பரிமாறி, சாப்பிட்டு, அந்த ஒரு மணி நேரம் வரும்போது மடி போய்விடுகிறது. வேறு பிரதிக்குக் கடை கடையாக அலைந்துவிட்டேன். இந்தக் காகிதப் பஞ்சத்தில் யார் மறுபடி அச்சடிப்பார்கள்?

போன சனிக்கிழமை காபி கொண்டுவந்த ஜானகியம்மாள் மெதுவாகச் சொன்னார்: "மூணு மாசமா அவ மழையில நிக்கறா, ஸார். இவர் இன்னும் மூணாம் பக்கம் தாண்டல்லே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. முடிவைச் சொல்லட்டுமா என்றேன். கூடாது, நானே படிக்கணும் என்றுவிட்டார்.

வீரராகவனிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். அது வெறும் கதை, நான் திரித்தது கயிறு என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உமக்கே தெரியாம உம்ம வாயில வந்துது பாரும். அதுதான் ஓய் அனுக்கிரகம்."



கதை நன்றாக இருக்கிறது என்றால் நமக்குப் போதவில்லை. அது எதற்காவது உதவ வேண்டும், மோட்சத்துக்காவது! 'உம்ம மனைவிக்குக் கதை படிக்க ஆசை, படிக்கட்டும்' என்று அன்றே சொல்லியிருக்கலாம். ஆறே வார்த்தை. அதற்குத் தைரியம் இல்லாமல்தான் பரமாத்மாவைக் கூப்பிட்டேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார் ஜானகியம்மாள்.

"ஸார், வேற புத்தகம் இருந்தா கொண்டு வாங்கோ. நல்லதா... அர்த்தம் ஒண்ணும் இல்லாததா."