அவர் மூச்சும் பூமியின் சூடும்

என் வீட்டுக்காரருக்கு மூச்சிழுப்பு வந்து பல வருடங்கள் ஆகின்றன. பஞ்சாலையில் உழைத்த நெஞ்சு அது. ஓய்வு பெற்று மதுக்கரைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகும், சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, நீல நிற ஸ்ப்ரே இருக்கும். மூச்சு முட்டினால் எடுத்துக் குலுக்கி வாயில் வைத்து அமுக்குவார். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கும், முகம் தெளியும். நானும் நின்றுபோன வேலையைத் தொடருவேன். அந்தச் சின்ன டப்பாவைப் பற்றி நான் ஒருநாளும் தவறாக நினைத்ததில்லை.

இந்த வருடம் வெயில் ஏறுவதற்கு முன்னால், ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் புதிதாக ஒரு இளம் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். அவர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மருந்தைத் தள்ளறதுக்கு ஒரு கேஸ் வெச்சிருக்காங்க ஐயா. மருந்து நல்லதுதானுங்க. அந்த கேஸ் காத்துல கலந்தா பூமி சூடாகுமுங்க. அதனால முடிஞ்சவங்களுக்கு எல்லாம் பொடி மருந்துக்கு மாத்திட்டு வர்றோம். கேப்சூலை இந்த மெஷின்ல போட்டுத் திருகி, நல்லா வேகமா உறிஞ்சணுமுங்க."

"ஆகட்டுங்க, ஆகட்டுங்க," என்றார் இவர்.

இவர் எதற்கும் ஆகட்டுங்க என்பவர். கல்யாண வீட்டில் ஆறிப்போன காபியைக் கொடுத்துவிட்டுப் போதுமா என்று கேட்டாலும் ஆகட்டுங்கதான். புரிந்தால் ஒரு ஆகட்டுங்க, புரியாவிட்டால் இரண்டு. அன்றைக்கு இரண்டு சொன்னார். எனக்கு அப்படி வாயை மூடிக்கொண்டு இருக்க வராது.

"ஏனுங்க டாக்டர், இத்துனூண்டு டப்பாவுங்களா பூமியைச் சூடாக்குது?" என்றேன்.

"இது ஒன்னு மட்டும்னா பரவாயில்லீங்கம்மா. எத்தனை ஊர்ல எத்தனை பேர் அடிக்கறாங்க. சூடு ஏற ஏற, ஐயா மாதிரி இழுப்பு இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல சிரமமுங்க."

அங்கேதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. மூச்சுக்காக அடிக்கிற மருந்து சூட்டைக் கூட்டும், சூடு மூச்சைக் கெடுக்கும், மூச்சு கெட்டால் மறுபடி மருந்து அடிக்க வேண்டும். அப்படியானால் அடிப்பதா, விடுவதா? டாக்டரம்மா சொன்னது தப்பு என்றும் தோன்றவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாலக்காட்டு ரோட்டில் லாரிகள் புகையைக் கக்கிக்கொண்டு வரிசையாகப் போயின. இவற்றை எல்லாம் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் பையில் வந்து தேடுகிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. பக்கத்தில் இவரோ, பஸ் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பொடி மருந்து ஆரம்பமானது. காலையில் பல் தேய்த்ததும் கேப்சூலைப் போட்டுத் திருகுவார், உறிஞ்சுவார். "வருதுங்களா?" என்று கேட்பேன். "வருது, வருது," என்பார். ஆனால் நடை குறைந்தது. துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயில் அப்படி இருந்தது. எனக்கே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. எல்லாவற்றையும் வெயில் தலையில் போட்டுவிட்டு இருவரும் சும்மா இருந்தோம்.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் காந்திபுரம் போன அன்று விஷயம் வெளியே வந்தது. உச்சி வெயில். டவுன் பஸ்கள் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டு நின்றன. பேசிக்கொண்டே நடந்தவள் திரும்பிப் பார்த்தால் இவர் பக்கத்தில் இல்லை. பஸ் ஸ்டாண்டுத் தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கின. ஓடிப்போய்ச் சட்டைப் பையில் கைவிட்டேன். பேனா இருந்தது.

"ஸ்ப்ரே எங்கீங்க?"

"பொட்டில… போட்டுப்போட்டேன்."

எந்தப் பெட்டி என்று ஒரு நொடி விளங்கவில்லை. அப்புறம் உறைத்தது. கிளினிக் வாசலில் காலி ஸ்ப்ரேக்களைப் போடுவதற்கு ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு நல்லது ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி, தீர்ந்ததை மட்டும் அதில் போடச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், இந்த மனிதர் பாதி கூடத் தீராததையும் சேர்த்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

எதிர் வரிசை மெடிக்கலுக்கு எப்படிப் போனேன், எந்த பஸ் குறுக்கே வந்தது, ஒன்றும் நினைவில்லை. நீலக் கலர் ஸ்ப்ரே என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. வாங்கிக்கொண்டு வந்து குலுக்கி வாயருகே கொண்டுபோனால், உதடு கறுத்துப்போய் நிற்கிற மனிதர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அம்மணி… இது… அந்த கேஸுதானே?"

முன்னால் நின்ற பஸ் எங்கள் மூஞ்சியிலேயே கரும்புகையை விட்டுவிட்டுக் கிளம்பியது. நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. டப்பாவை அவர் வாயில் திணித்து நானே அமுக்கினேன், மறுபடியும் அமுக்கினேன். தோள் மெல்ல மெல்ல இறங்கியது. துணி எடுக்காமலேயே திரும்பினோம்.

மறுநாள் கிளினிக்கில் போய்ச் சண்டை போட்டேன். டாக்டரம்மா முகம் வெளிறிப்போனார்.

"நல்லதை வெச்சுக்கங்கன்னு சொன்னனுங்களே ஐயா."

"பூமிக்கு ஆகாதுன்னீங்க. அப்பறம் அதை எப்படிங்க பையில வெச்சுட்டுச் சுத்தறது?" என்றார் இவர்.

டாக்டரம்மா மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். "இதை அன்னைக்கே நான் செஞ்சு பாத்திருக்கணுமுங்க. இதை உறிஞ்சுங்க ஐயா. பொடி நெஞ்சுக்குள்ள போற அளவுக்கு வேகம் இருந்தா, இதுல விசில் சத்தம் வருமுங்க."

இவர் உறிஞ்சினார். கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குத் தெரியாமலேயே நானும் கூடச் சேர்ந்து மூச்சை இழுத்தேன். ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. இன்னொரு தடவை முயன்றார். விசில் வரவில்லை. தினமும் காலையில் எடுத்த மருந்தெல்லாம் தொண்டையைத் தாண்டவே இல்லை என்று அப்போது புரிந்தது.

"உங்களுக்கு இது ஒத்து வராதுங்க ஐயா. பழைய ஸ்ப்ரேயே அடிங்க. பொடி உறிஞ்சத் தெம்பு இருக்கறவங்க மாத்திக்கட்டும்," என்றார் டாக்டரம்மா.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். குழப்பம்தான் கூடியது. கோபப்பட ஆள் கிடைத்தால் எனக்கு எதையும் சமாளிக்க வரும். அந்தப் பெண் நல்லது நினைத்துத்தான் சொன்னார். இவரும் நல்லது நினைத்துத்தான் செய்தார். இரண்டு நல்லதும் சேர்ந்து இவரைக் காந்திபுரத்தில் தூணோடு நிறுத்திவிட்டன. யாரை வைவது?

இவர் எழுந்து கைகூப்பினார். "மன்னிச்சுக்கங்க டாக்டர். முயற்சி பண்ணினேன். என்னால முடியலீங்க."

மூச்சு விடுவதற்கு மன்னிப்புக் கேட்டார். டாக்டரம்மாவும் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, ஐயா," என்று பதறினார்.

திரும்பும்போது நடக்க விடாமல் ஆட்டோ பிடித்தேன். புது டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டே வந்தவர், ரொம்ப யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, வேளைக்கு ரெண்டு அமுக்குன்னு சொல்லியிருக்காங்கல்ல. நான் ஒன்னு மட்டும் அடிச்சுக்கட்டுமா? மத்தது மிச்சமாகுமே."

வையத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லாததை, ஆட்டோக்காரர் காதுபடச் சொன்னேன்.

"ரெண்டும் அடிங்க. பூமிக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரீலீங்க. எனக்கு நீங்க வேணுமுங்க."

அவர் கூச்சத்தில் வெளியே பார்த்தார். பிறகு, "ஆகட்டும்" என்று கூடச் சொல்லாமல், என் கையைப் பிடித்துக்கொண்டார்.