அப்பா இறங்கிய நிறுத்தம்

நேற்று பல் டாக்டரிடம் கிராம்புத் தைல வாசனை வந்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மரக்காணத்தில், இப்போது ரிசார்ட் நிற்கும் இடத்தில், உப்பளத்தைப் பார்த்தபடி இருந்த அப்பாவின் பல் கிளினிக், அந்த வாசனையோடும், உப்புக்காற்றில் துருவேறிய நாற்காலியின் கிறீச்சோடும், ஓயாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்த அவர் செருப்புச் சத்தத்தோடும் திரும்பி வந்துவிட்டது.

தாத்தா சீனாவிலிருந்து வந்தவர். அப்பா பிறந்தது இங்கேதான். ஆனாலும் சீனச் சண்டைக்குப் பிறகு சட்டம் அவரை அந்நியர் என்றது; போலீஸ் அனுமதியில்லாமல் அவர் வெளியூர் போகக்கூடாது.

“பொறந்த ஊர்ல நான் எதுக்குங்க பர்மிஷன் கேக்கணும்?” என்று அப்பா ஸ்டேஷனுக்குப் போகவே மறுத்தார். ஞாயிறுதோறும் முதலியார்சாவடியில் இருந்த அம்மாவின் பிறந்த வீட்டுக்கு எங்களோடு பஸ் ஏறுவார். வழியில் கூனிமேட்டில் போலீஸ்காரர் ஏறி அவரை மட்டும் இறக்கிவிடுவார். வெயிலில் நடந்தே ஊர் திரும்பி, அடுத்த ஞாயிறு மறுபடி ஏறுவார். மெட்ராஸில் செருப்புக்கடை வைத்திருந்த சீனக் குடும்பங்களும் அவரும் சேர்ந்து மனுமேல் மனுவாகப் போட்டார்கள்.

பல வருடம் கழித்து ஒருவழியாக அந்த விதி நீங்கியது. அடுத்து வந்த ஞாயிறு, கூனிமேட்டில் பஸ் நின்றதும் அப்பா தானாகவே எழுந்துவிட்டார்.

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க. யாரும் ஏறல.”