மூன்றாம் மாடிக்காரரின் பதக்கம்

பதக்கம் பெற்றவரிடமே "உங்கள் பதக்கம் சரியில்லை" என்று சொல்ல ஒருவருக்கு எங்கிருந்து துணிவு வருகிறது? என் கணவரோடு இருபத்து மூன்று வருடங்கள் வாழ்ந்தும் எனக்கு விடை தெரியவில்லை.

இவர் சோசலிசக் கால ருமேனியப் பதக்கங்களைச் சேர்ப்பவர். ருமேனியாவுக்குப் போனதில்லை.

ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா பகுதியில், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் இயோன் அந்த நாட்டுக்காரர். இன்று தன் உழைப்புப் பதக்கத்தையும் சான்றிதழையும் ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார்.

இவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். "1965இல் நாட்டின் பெயர் மாறியது. சான்றிதழில் புதிய பெயர், பதக்கத்தில் பழைய பெயர். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது," என்றார் நொர்வேஜிய மொழியில்.

இயோனின் முகம் சிவந்தது. "என் நெஞ்சில் குத்தியது இதைத்தான்," என்று எழுந்து போய்விட்டார். கோப்பியைத் தொடவேயில்லை.

"பட்டியலிலை அப்பிடி ஒரு வகை இல்லையப்பா," என்றார் இவர், தன் பதக்கப் பட்டியல் புத்தகத்தைப் புரட்டியபடி.

"அந்தாள் அங்கை நிண்டு வாங்கினவர். உங்கட பட்டியலும் அங்கை நிண்டதோ?"

வீட்டில் நிபுணர் வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சொல்லுங்கள்.

மறுநாள் சேர்த்தது: காலையில் இவர் மூன்றாம் மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். நானும் கூடப் போனேன். இயோன் சிரித்துவிட்டார். "பெயர் மாறியபோது பழைய பதக்கங்கள் பெட்டி பெட்டியாக மிச்சம் இருந்தன. எறிவார்களா? எங்களுக்குத்தான் குத்தினார்கள்."

இவர் கீழே வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், பட்டியலில் பென்சிலால் ஒரு புதிய வகையைச் சேர்த்தார். ஆதாரம் என்ற இடத்தில், "பெற்றவரே சொன்னார்" என்று எழுதினார்.