மலைக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னேன்

என் கணவர் ஆந்திராவில் உள்ள குப்பம் ஊரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குக் கிரானைட் ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். கல்லுக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏற ஏற, எங்கள் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது, அவர் வருவது குறைந்தது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரான சத்தியவேட்டுச் சுவர்களில் எல்லாம் எய்ட்ஸைப் பற்றித் தெலுங்கில் எழுதினார்கள். அங்கன்வாடியில் கூட்டம் போட்ட நர்ஸம்மா லாரிக்காரர்களைப் பற்றிப் பேசியதும் அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆணுறைப் பாக்கெட்டை என் கையில்தான் முதலில் திணித்தார்.

அதை எந்த முகத்தோடு கணவரிடம் நீட்டுவது? இரண்டாவது பிள்ளையோடு எனக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. பிள்ளை உண்டாகிவிடும் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. நீட்டினால் அவரைச் சந்தேகப்படுகிறேன் என்று அர்த்தம். அல்லது, இது உனக்கு எதற்கு என்று அவர் என்னைச் சந்தேகப்படுவார். புளிப்பானைக்குள் போட்டு மூடிவிட்டேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது மஞ்சள் புடவையில் நின்றேன். "மலைக்கு நேந்துக்கினு இருக்கேன். விரதம்" என்றேன். அவர் பாயைத் தனியே விரித்துக்கொண்டார். ஒரு விரதம் முடிந்தால் இன்னொன்று. தெருப் பெண்கள் என் கையால் குங்குமம் வாங்கிப்போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். கட்டிய புருஷனைத் தள்ளிவைக்க ஏழுமலையானைக் காவலுக்கு நிறுத்திய பக்தை நான். அவரோ ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. இத்தனை நல்லவரைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று இன்னும் குறுகிப்போனேன்.

ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"செவுத்துல எழுதினத நானும்தான் படிச்சேன். திங்கக்கெழம திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போயி ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துட்டு வந்துடலாம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் பொய் தெரிந்துவிட்டதே என்ற வெட்கம்தான் முந்திக்கொண்டு வந்தது. பஸ்ஸில் எதிர்வீட்டுக்காரி, "இன்னாம்மா, ஜோடியா மலைக்கா?" என்று கேட்டாள். இருவரும் ஒன்றாக ஆமாம் என்றோம்.

மறுபடி போய் முடிவு கேட்டபோது இருவருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். எனக்குக் கண் கலங்கியது. வெளியே அவர் தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். தப்பே செய்யாதவர் அப்படி அழமாட்டார். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் புளிப்பானையைத் திறந்து அந்தப் பாக்கெட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அதைப் பார்த்தவர் ஏன் என்று கேட்கவில்லை.