மைக் அக்காவின் வயிறு

சுவிட்சைத் தொடுவதற்கு முன் மைக் அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓர் ஏப்பம் விட்டுக்கொள்கிறார். பிறகு இடது கட்டைவிரலால் சுவிட்சை அழுத்தி, “பயணிகள் கவனிக்கவும்” என்று தொடங்குகிறார். ரயில் நிலையம் முழுக்க அந்தக் குரல் போய் நிற்கிறது. பெட்டியைத் தூக்கியவர் இறக்கி வைக்கிறார், உட்கார்ந்திருந்தவர் எழுகிறார். இப்படிப்பட்ட குரலுக்குப் பின்னால் இப்படி ஒரு வயிறு இருப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடுமோ என்பதுதான் அக்காவின் பயமே.

“என்னிக்காவது ஒரு நாள் மைக் ஆன்ல இருக்கும்போதே ஏப்பம் வந்துடும் பாருங்க. நாலு நடைமேடையும் சிரிக்கும். அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வேலைக்கு வர்றது?” என்பார். பயந்தால் வயிறு பொருமும். பொருமினால் பயம் வரும். இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்தால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும்.

நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மைக் அக்கா. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவருக்கு மட்டும் ‘கவனிக்கவும்’. “இவ கோவிச்சுக்கிறதுன்னாக்கூட முன்கூட்டியே அறிவிச்சிட்டுத்தான் கோவிச்சுப்பா” என்று அவர் சொல்ல, அக்கா முறைப்பார். அந்த முறைப்பில் சிரிப்பும் இருக்கும்.

கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, பிளாஸ்கில் வெந்நீர். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில், ஒரு கண்ணைத் தண்டவாளத்தில் வைத்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவார். மேசை இழுப்பறையில் ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தது, பல வருஷத்துப் பழக்கம். பக்கத்திலேயே பழைய சோப்பு டப்பாவில் அதிமதுர வேர். இந்த இரண்டும் ஒரே இழுப்பறையில் ஒற்றுமையாகத்தான் கிடந்தன. மாத்திரை கொடுத்தவரையும் வேருக்கு வழி திறந்துவிட்டவரையும்தான் அக்கா ஒருவரை ஒருவர் அறியாமல் பார்த்துக்கொண்டார்.

வேர் வந்த கதை இது. வயிற்றுக்காக அக்கா ஓர் ஆயுர்வேத வைத்தியரம்மாவிடம் போனார். கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை. வைத்தியரம்மா நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றி அதைவிட அதிகமாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, “நீங்க சாப்பிடுறதில்லம்மா. டப்பாவைக் காலி பண்றீங்க” என்றார். உட்கார்ந்து, சூடாக, மென்று சாப்பிடச் சொன்னார். படுக்கும்போது உள்ளங்காலில் வெதுவெதுப்பான எண்ணெய் தேய்க்கச் சொன்னார். “வயிறும் மனசும் ஒரே வீட்டுலதான் குடியிருக்கு. ஒண்ணை மட்டும் தூங்க வெக்க முடியாது.” ஒரு பொடியும் கொடுத்தார். சாப்பிட்டபின் சிறிதளவு, கொஞ்ச நாளைக்கு மட்டும். கடைசியாக, “வேற மாத்திரை ஏதாவது எடுத்துக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றார் அக்கா.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். இது அவர் கணக்கில் பொய்யே இல்லை, மரியாதை. “அவங்க எவ்வளவு பொறுமையாக் கேக்குறாங்க! அவங்ககிட்டப் போய் நான் ஆஸ்பத்திரி மாத்திரையும் போடுறேன்னா மனசு சங்கடப்படாது? அந்த டாக்டர் தம்பியும் அப்படித்தான், நாட்டு மருந்துன்னா முகம் சுண்டிப்போயிடும்.” பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்தி வீடுகளுக்கு நடுவே போய்வருகிறவரைப் போல, இங்கே சாப்பிட்டதை அங்கே சொல்லாமல் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்.

பொடி வேலை செய்தது. ஏப்பம் குறைந்தது, தூக்கம் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். பொடியில் இனிப்பது என்ன என்று நாட்டு மருந்துக் கடையில் விசாரித்தார். “அதிமதுரம்க்கா. குரலுக்கும் நல்லது” என்றார் கடைக்காரர். குரல் என்ற சொல் காதில் விழுந்ததும் அக்காவுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து காலை முதல் மாலை வரை கன்னத்தில் ஒரு துண்டு வேர் அடங்கியிருக்கும்.

கால் வீங்கத் தொடங்கியது. செருப்பு வார் பதிந்த தடம் மறையவில்லை. அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்து ஆஸ்பத்திரி டாக்டர், “உப்பைக் குறைக்கச் சொன்னேனே, கேக்கலையா?” என்று கடிந்துகொண்டு மாத்திரையைக் கூட்டினார். வீட்டில் உப்பு அடியோடு நின்றது. பாவம், கணவர் வாய் திறக்காமல் சாப்பிட்டார்.

ஒரு மத்தியானம் அக்காவுக்குத் தலை கிறுகிறுத்தது. முதலாம் நடைமேடைக்கு வர வேண்டிய வண்டியை மூன்றாம் நடைமேடை என்று அறிவித்துவிட்டார். தெளிவாக, அழகாக, தப்பாக. கூட்டம் மேம்பாலப் படியில் ஓடியது. திருத்திச் சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது. வயதான அம்மாவைக் கைப்பிடித்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், பாதிப் படியில் நின்று, கிளம்பிப்போகும் வண்டியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி அறையைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. “சிரிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்” என்று அன்று வீட்டில் அழுதார் அக்கா. நிலைய அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பார்சல் ஆபீஸுக்குத்தான்மா மாத்தணும்.” பார்சல்கள் எந்தக் குரலையும் கேட்பதில்லை.

படபடப்பு அதிகமாகிவிட்டது என்று கணவரோடு வைத்தியரம்மாவிடம் போனார்.

“நாக்கை நீட்டுங்க.”

அக்கா தயங்கினார். கன்னத்தில் வேர் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாக்கை நீட்ட, வேரும் கூடவே எட்டிப்பார்த்தது.

“என்னம்மா இது?”

“அதிமதுரம்...”

வைத்தியரம்மாவின் பார்வை காலுக்கு இறங்கியது. குனிந்து முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். பதிந்த குழி மறையவேயில்லை. “பிரஷர் இருக்கா உங்களுக்கு?”

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் விட்டத்தைப் பார்த்தார். “பத்து வருஷமா மாத்திரை போடுறேங்க” என்றார் அக்கா, நிலையத்தில் யாரும் கேட்டிராத சின்னக் குரலில்.

வைத்தியரம்மா நிமிர்ந்தார். “அதிமதுரம் பிரஷரை ஏத்தும்மா. காலை வீங்க வெக்கும். தெரிஞ்சிருந்தா அந்தப் பொடியையே குடுத்திருக்க மாட்டேன். வேரு, பொடி ரெண்டையும் இன்னியோட நிறுத்துங்க. ஆஸ்பத்திரி மாத்திரையில நீங்களாக் கை வெக்காதீங்க. கூட்டினவர்தான் குறைக்கணும். அவருக்கு இது இப்பவே தெரியணும்.”

“நீங்களே சொல்லிடுங்களேன். அவர் கோவிச்சுப்பார்.”

“கோவிச்சுக்கட்டும். வாயில போட்டது யாரு?”

கணவர் தன் கைப்பேசியில் ஆஸ்பத்திரி டாக்டரின் எண்ணை அழுத்தி நீட்டினார். மறுமுனையில் மணி அடித்தது. “சொல்லுங்க” என்றது டாக்டரின் குரல்.

அக்கா வேரைக் கன்னத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓர் ஏப்பம் விட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கட்டைவிரலை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார்.