வாசிக்க முடியாதவர்களுக்கு எழுதிய தலையங்கம்

"ஐயா, நீங்கள் போன கிழமை கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. இந்த இதழின் முன்பக்கத்தில் பாதி இத்தாலிய மொழியில் வரும். அதற்கு முன் நான் இருக்கும் வீட்டில் ஒரு காரியம் முடிக்க வேண்டும். அதுவரை கையெழுத்திட வேண்டாம்."

எங்கள் பத்திரிகை ஆசிரியர் இத்தாலியின் பலெர்மோ நகரில் ஓர் இத்தாலியருக்கு எழுதிய கடிதத்தின் தமிழ் வரைவு இது. மேலே 'வியாழன்' என்று மட்டும் இருக்கிறது. கிழமையைப் போடுவார், திகதியை விட்டுவிடுவார். இதற்காக நான் அவரோடு பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன். வரைவின் பின்பக்கத்தில், யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் சண்டையில் இடம்பெயர்ந்த செய்திக்கான குறிப்புகளைப் பென்சிலால் எழுதியிருக்கிறார். ஆகவே 1995 கடைசி, அல்லது 1996 தொடக்கம் என்று வைத்திருக்கிறேன்.

பத்திரிகை மாதம் ஒருமுறை வந்தது. அவர் கையால் எழுதுவார், நான் வெட்டி ஒட்டுவேன், பிறகு போட்டோக்கொப்பி. வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த தமிழ்க் கடையிலும், ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து சனம் வெளியே வரும் இடத்திலும் விற்றோம். எந்த இயக்கத்தின் அறிக்கையையும் வந்தபடியே அவர் போடமாட்டார். அதனால் வாங்காமல் விட்டவர்களும் உண்டு. மே தின ஊர்வலத்தில் அவர் முன்வரிசையில் போனார். நகரசபைக்கும் பங்குத் தந்தைக்கும் கொழும்பில் இருந்த அதிகாரிகளுக்கும் ஓயாமல் கடிதம் எழுதினார். எல்லாவற்றிற்கும் கார்பன் பிரதி வைத்தார். அந்தப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது.

இவ்வளவையும் செய்தவர் மற்ற நேரத்தில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், இத்தாலிய வீட்டுக்கார அம்மாவின், வீட்டிலேயே தங்கிச் சமைத்து, கூட்டித் துடைத்து, அவவைக் கைபிடித்துப் பூசைக்குக் கூட்டிப்போகும் வேலை பார்த்தார்.

இத்தாலியச் சட்டப்படி ஒரு பத்திரிகைக்கு இந்த நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் பொறுப்பாளராகக் கையெழுத்து வைக்க வேண்டும். எங்களுக்கு வைத்தவர், அந்தக் கடிதத்தைப் பெற்றவர், வியா மக்வேதா தெருவில் நாலாம் மாடியில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற பத்திரிகையாளர். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: அச்சுக்குப் போக முன் முழுப் பத்திரிகையையும் அவருக்கு இத்தாலிய மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு என்றபடியால் வாசிப்பும் வியாழனில்தான். ஆசிரியரின் இத்தாலியன் சமையலறை இத்தாலியன். அவர் தடக்கும் இடங்களில் சொல் எடுத்துக் கொடுக்க நான் கூடப் போவேன். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மரண அறிவித்தலைக்கூட விடமாட்டார்.

அந்த மாதம் மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண் பூசைக்குப் பிறகு ஆசிரியரிடம் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவருடைய சிஞ்ஞோரா 'துலைந்துபோகும்' என்று சொல்லிக் கடவுச்சீட்டை வாங்கி மேசையின் இழுப்பு லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் நாளில் சிஞ்ஞோராவே அதைக் குவெஸ்தூரா பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து, அலுவல் முடிய அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்வா. வேறு வீட்டுக்கு மாறலாம் என்று கேட்டபோது, லாச்சியின் திறப்பை, அதன் சாவியை, எங்கேயோ வைத்து மறந்துபோய்விட்டாவாம். ஆசிரியர் அந்தக் கடிதத்தைப் பெயர் இல்லாமல் போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு தலையங்கமும் எழுதினார். 'கடவுச்சீட்டைப் பூட்டி வைப்பவர் ஆளையே பூட்டி வைக்கிறார்' என்று தொடங்கிச் சூடாகப் போனது.

வாசித்து முடிந்ததும் கிழவர் கண்ணைத் திறந்தார்.

"நல்லாய் இருக்கிறது. இதை யார் வாசிப்பார்கள்?"

"தமிழ்ச் சனம் எல்லாரும்."

"பூட்டி வைத்திருக்கிற சிஞ்ஞோராக்கள்?"

ஆசிரியர் தாள்களை அடுக்கினார்.

"இரண்டு வருடமாக இந்த ஊரை நீங்கள் திட்டுவதை நான் கேட்கிறேன். இந்த ஊரில் கேட்டவன் நான் ஒருவன்தான். எனக்குக் கடவுச்சீட்டும் இல்லை, வேலைக்காரியும் இல்லை." சிகரெட்டைத் தேடினார். "உங்களுடைய கடவுச்சீட்டு எங்கே?"

ஆசிரியர் என்னைப் பார்த்தார். அதற்கு நான் எடுத்துக் கொடுக்கச் சொல் ஒன்றும் இருக்கவில்லை.

"சிஞ்ஞோராவின் லாச்சியில்," என்றார்.

கிழவர் கையெழுத்து வைக்காமல் பேனாவை மூடிவிட்டார்.

கடவுச்சீட்டைக் கொடுத்து வைப்பது எல்லாரும் செய்கிற காரியம். வீட்டோடு நின்றவர்களில் பலர் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள், கேட்டுக் கேள்வி இல்லாமல். நான் கந்தோர்களில் அலுவலக அறைகளைக் கூட்டிவிட்டு என் அறைக்குப் போகிறவன், என்னுடையது என்னிடம் இருந்தது. அவருக்கு அந்த வீடுதான் வேலை, அதுதான் படுக்கை.

இத்தாலிய மொழியிலும் போடும் ஆசிரியரின் எண்ணம் அடுத்த ஞாயிறு தமிழ்க் கடையில் வெளியே வந்தது. கடைக்காரர் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இத்தாலியனிலை போடப்போறியளாம். ஏன் அண்ணை சும்மா இருக்கிற சிஞ்ஞோராக்களை எழுப்புறியள்?"

"எழுப்பத்தான்."

"அங்கை ஊரிலை சனம் மரத்துக்குக் கீழை கிடக்குது. இஞ்சை நீங்கள் லாச்சித் திறப்பைப் பற்றி எழுதுறியள்."

"அங்கை கிடக்கிறது என்ரை அக்காவும் பிள்ளையளும்," என்றார் ஆசிரியர். "அவைக்கு ஒண்டு எண்டால் நான் போகவேணும். எதைக் காட்டிப் போறது, உம்மடை கருவாட்டையே?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார்.

"சரி, போடுங்கோ. ஆனா பெரிய தாளிலை போடுங்கோ அண்ணை. உங்கடை பேப்பரிலை ஒரு மீனைக்கூட ஒழுங்காச் சுத்த ஏலாமக் கிடக்குது."

அந்தக் கிழமைதான் நான் மேலே காட்டிய கடிதம் எழுதப்பட்டது. இத்தாலிய மொழியில் அந்தப் பெண்ணின் கதையைப் போட்டால் அவருடைய சிஞ்ஞோரா உடனே ஆளைக் கண்டுபிடித்துவிடுவா. அதனால் அது தமிழில் மட்டும் வரும், இத்தாலிய மொழியில் தன்னுடைய கதையை எழுதுவது என்று முடிவெடுத்தார். அதற்கு முதலில் தன்னுடைய கடவுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்ட விதத்தை அவர் சொன்னபடி எழுதுகிறேன், நான் பக்கத்தில் இல்லை. காலையில் கோப்பி வைத்துவிட்டுக் கேட்டாராம். "போகப்போகிறாயா?" என்றாவாம் சிஞ்ஞோரா. இல்லை என்றாராம். "அப்படியென்றால் அங்கேயே இருக்கட்டும், பத்திரமாக இருக்கிறது." "ஓம் சிஞ்ஞோரா, பத்திரமாக இருக்கிறது. என்னிடம் இல்லை." அவ கோப்பியை முழுதாகக் குடித்து முடித்தாவாம். பிறகு எழும்பிப் போய்க் கொண்டுவந்து மேசையில் வைத்தாவாம். லாச்சி பூட்டியே இருக்கவில்லையாம். இதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் சுருங்கியது. "இவ்வளவு நாளும் நான் கேக்கேல்லை, அவ்வளவுதான்," என்றார்.

அடுத்த வியாழன் நாலாம் மாடிக்குப் போனோம். கடவுச்சீட்டை மேசையில் வைத்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்கினார். கிழவர் இலக்கணத்தில் மூன்று இடம் திருத்தினார், ஒரு வசனத்தையும் தணிக்கவில்லை. கையெழுத்து வைத்தார். இத்தாலியப் பாதியின் கீழ் ஆசிரியரின் முழுப்பெயர் போனது. அந்தப் பக்கத்தை மட்டும் தனியாகக் கொப்பி எடுத்து, வீட்டு வேலைக்காரர் இருந்த மாடி வீடுகளின் தபால் பெட்டிகளில் போட்டோம். தன்னுடைய சிஞ்ஞோராவின் பெட்டியில் அவர் தானே போட்டார்.

அதைச் சிஞ்ஞோராவின் மகன் வாசித்தான். ஈஸ்டருக்கு முன் வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரெயில் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் நாலு பேர் இருந்த அறைக்கு அவர் ஐந்தாவது ஆளாக வந்தார், ஒரு சூட்கேசும் கார்பன் பிரதிப் பெட்டியும். கட்டில் இல்லை. பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார். அடுத்த மாத இதழும் பாதி இத்தாலிய மொழியில் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பெட்டியில் இத்தாலியக் கையெழுத்தில் கடிதங்கள் சேரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பாதி வசை. தன் வீட்டுப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றிற்கும் அவர் பதில் எழுதினார், கிழமை போட்டு, திகதி போடாமல்.

முதலில் எழுதிய மன்னார்ப் பெண் அந்த இதழ் வந்து சில கிழமையில் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் ஒரு பையோடு வடக்கே போகும் ரெயிலில் ஏறியதைக் கண்டதாகக் கடைக்காரர் சொன்னார். ஆசிரியர் பங்குக் கோயில் விலாசத்துக்கு அவருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி ஒரே வரி: "கையில் இருக்கிறதா?" அதற்குப் பதில் பெட்டியில் இல்லை. ரெயில் ஏறியவரிடம் கடவுச்சீட்டு இருந்ததா என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.