சாயங்காலத்தில் பல் துலக்கியவன்

என் தங்கை தனத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், வாய் நிறையக் கரித்தூளோடு போய் நின்றவன் நான். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

அப்போது டிராம் ஷெட்டில் பிரேக் பிட்டர் வேலை. ஒரு வாரம் பகல் டூட்டி, மறு வாரம் ராத்திரி டூட்டி. ஒன்றுக்கு உடம்பு பழகுவதற்குள் மற்றது வந்துவிடும். பாயில் படுத்தால் தூக்கம் வராது. சாப்பிட உட்கார்ந்தால் கண் சொக்கும்.

அன்று அந்த வாரத்தின் கடைசி ராத்திரி டூட்டி முடிந்து மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தவன், மத்தியானம் வரை புரண்டுவிட்டு அப்புறம்தான் தூங்கினேன். பாவம், தூங்கட்டும் என்று அம்மா எழுப்பவில்லை. கண் விழித்தபோது ஜன்னலில் மங்கலான வெளிச்சம். விடிந்துவிட்டது, பகல் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்தேன். பல்லைத் தேய்த்தபடியே முன்னறைக்கு ஓடி, "இன்னாம்மா, எழுப்பக் கூடாதா? ஷெட்டுல சங்கு ஊதிடுவான்" என்று கத்தினேன்.

பாயில் மாப்பிள்ளை வீட்டார். தாம்பாளத்தோடு தனம்.

மாப்பிள்ளையின் அப்பா சிந்தாதிரிப்பேட்டைத் தச்சர். தணிந்த குரலில் அம்மாவிடம் கேட்டார்: "தப்பா நெனைக்காதம்மா. தம்பி கள்ளுக்கடைக்குப் போறது உண்டா?"

"அய்யோ, இல்லீங்க. ராவெல்லாம் வேலை. அதான் பொழுது தெரியாம பூட்ச்சு."

"ராவுல வேலைன்னா பகல்ல தூங்கினா சரியாப் பூடுமே?"

சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை.

சில மாதம் கழித்துத் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு வரன் வந்தது. அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் பகலில் நான் கண்ணை மூடிக்கொண்டு தூக்கம் வராமல் படுத்திருந்தேன். தனம் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு அண்ணனை எங்கனா அனுப்பிடும்மா. ஊர்ல இல்லன்னு சொல்லிக்கலாம்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் கண்ணைத் திறக்கவில்லை.

அந்த வரனோடு தனத்தின் கல்யாணம் முடிந்த பிறகுதான் போர்மேனிடம் போய், ஒரே டூட்டியாகப் போடும்படி கேட்டேன்.

"இம்மாம் நாளா இத்தக் கேக்க இன்னாயா வெக்கம்? பகல் டூட்டியே பாரு" என்றார். அவ்வளவுதான்.

ஷிப்டு வேலைக்கு வரும் தம்பிகளே, தூக்கம் கெட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் சொல்ல வெட்கப்பட்டேன். பெண் பார்க்க வந்த அன்றே என் தங்கைக்குத் தாம்பூலம் மாற்றியபோது, அண்ணன் என்று அங்கே நிற்க வேண்டியவன் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தேன்.